மூடிய சரக்கும் திறந்த சரக்கும்

ஓர் ஊரில் ஒரே மண்டி இருந்தால் அவர் சொன்னதுதான் விலை. எதிரே இன்னொரு மண்டி திறந்துவிட்டால் விலை தானே இறங்கும். இது வணிகர்களாகிய நாம் அனைவரும் அறிந்ததே. செயற்கை நுண்ணறிவுத் துறையிலும் இன்று இதுவே நடந்து வருகிறது.

2022 நவம்பரில் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை வெளியிட்டது. இந்த மென்பொருள் அந்நிறுவனத்தின் ஏற்பாட்டிலுள்ள கணினிகளிலேயே இயங்கும். நாம் கேட்பதும் அங்கே போய்த்தான் பதிலாகத் திரும்பும். விலையும் நிபந்தனையும் அவர்கள் கையில்.

2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் 'லாமா 2' என்பதை எவரும் தம் கணினியில் இறக்கி, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மாதம் 70 கோடிக்கு மேல் பயனாளர்கள் கொண்ட பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். 2025 ஜனவரி 20 அன்று சீனாவின் டீப்சீக், 'ஆர்1' என்பதை அத்தகைய வரம்பும் இன்றி வெளியிட்டது. ஜனவரி 27 அன்று, கணினிச் சில்லு விற்கும் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் சரிந்தது. அம்மாத இறுதியிலேயே ஓப்பன்ஏஐ, படிப்படியாக யோசித்து விடை தரும் வசதியை இலவசப் பயனாளர்களுக்கும் அளித்தது. ஆகஸ்டில் தானும் இரண்டு மாடல்களைத் திறந்து வெளியிட்டது. அவற்றில் சிறியது 16 ஜிபி நினைவகத்திலேயே இயங்கும். போட்டியின் பலன் இதுதான்.

ஆயினும் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று எண்ணலாகாது. கணினி, மின்சாரம், விவரம் தெரிந்த ஆள் ஆகியவை நம் செலவு. மேலும், திறந்த சரக்கு என்று சொல்லப்படுபவை பலவற்றில், எதைக் கொண்டு பழக்கினார்கள் என்பது முழுமையாக வெளியிடப்படுவதில்லை. மசாலாப் பொடியைக் கொடுத்துவிட்டுச் சேர்மானத்தைச் சொல்லாத கதைதான்.

பில் போடும் மென்பொருளிலும் இருப்புக் கணக்கிலும் இவ்வசதியைச் சேர்த்து விற்க வருவோரிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். நமது கொள்முதல் விலையும் வாடிக்கையாளரின் கடன் பாக்கியும் கடையை விட்டு வெளியே போகுமா? நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் பழைய கணக்கு முழுவதும் நம் கைக்கு வருமா? கட்டணம் உயர்ந்தால் மாற்று வழி உண்டா?

திருப்தியான பதில் எழுத்தில் கிடைத்த பிறகே முன்பணம் கொடுப்போம். சரக்குக்கு ஒரே மண்டியை நம்பி இராத நாம், கணக்குக்கு மட்டும் ஒருவரையே நம்பி இருக்கலாமா?