கண்ணுக்கு வழிவிடும் குரல்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் 1952-இல் தன் பார்வையாளர்களுக்குக் கையடக்க வானொலிப் பெட்டியும் ஹெட்போனும் கொடுத்தது. கூடத்தைச் சுற்றி ஓடிய கம்பி ஏரியலாக வேலை செய்ய, ஒலிநாடாவில் பதிந்த விளக்கம் சிற்றலையில் வந்து காதில் விழுந்தது. அருங்காட்சியக ஒலிவழிகாட்டியின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். ஒலிபரப்பு ஒன்றே என்பதால், கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, எண்ணை அழுத்தினால் பேசும் கருவி வந்தது. இப்போது அவரவர் கைபேசியே வழிகாட்டியாகிவிட்டது. விரும்பிய பொருளின் முன் விரும்பிய நேரத்தில் நிற்கும் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் காதில் சொல்லப்படும் விஷயம் பெரும்பாலான இடங்களில் மாறவே இல்லை. நூற்றாண்டு, உலோகம், உயரம், கிடைத்த ஊர் என்று சுவரில் இருக்கும் விளக்கப்பலகையை யாரோ ஒருவர் வாசிக்கிறார், அவ்வளவுதான். இந்தத் துறையின் குறை கருவியில் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்பதே என் வாதம்.

அருங்காட்சியகத்துக்குள் கண்ணுக்கு நிறைய வேலை, காது சும்மா இருக்கிறது. எந்தத் திரையை நீட்டினாலும் அது கண்ணைத்தான் பிடுங்கும். ஆயிரம் ஆண்டுப் பழமையான வெண்கலத்தின் முன் நின்றுகொண்டு அதன் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்க வைக்கும் செயலி, தான் உதவவந்த பொருளுடனேயே போட்டி போடுகிறது. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் விரிவாக்கத்துக்குப் பின் 2016-இல் திறந்தபோது, டீட்டூர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய செயலியில் இதைப் புரிந்துகொண்டிருந்தது. பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்பதைக் கைபேசியே அறிந்து குரலைத் தொடர்ந்தது. திரையைத் தொட வேண்டியிருக்கவில்லை. பேசியவர்களும் கலை வரலாற்று வல்லுநர்கள் மட்டுமல்லர். கம்பிமேல் நடக்கும் ஃபிலிப் பெத்தி கூட அதில் இருந்தார். கைபேசி பைக்குள் போனால்தான் வழிகாட்டி வெற்றி பெற்றது என்று பொருள்.

குரல் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு நமக்கு மிக அருகில் ஒரு சான்று இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் வெண்கலங்களை நேரில் பார்த்ததே இல்லை. ஒளிப்படங்களை வைத்துக்கொண்டு 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921-இல் அது அச்சானது. இடுப்பு, கால், வாய், உடல்மேல் விழும் நிழல் என்று உறுப்பு உறுப்பாக அவர் பார்வை நகர்கிறது. புராணம் அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியும். எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் அப்படி ஒரு குரல் என்ன சொல்லலாம்? தூக்கிய காலை இப்போதைக்கு விடுங்கள், ஊன்றிய காலின் முழங்காலைப் பாருங்கள், அது மடங்கியிருக்கிறது, முழு எடையும் அங்கேதான் இறங்குகிறது. இனி இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள், நேரே நின்றபோது ஒரே தளத்தில் தெரிந்த கைகள் இப்போது எப்படி முன்னும் பின்னுமாக விலகுகின்றன என்று கவனியுங்கள். அதன்பின் பத்து வினாடி மௌனம். சோழர் காலம் என்ற செய்தி அதற்கப்புறம் வந்தால் ஒட்டிக்கொள்ளும். முதலிலேயே வந்தால் காதைத் தாண்டாது.

கண்ணுக்குத் திசை காட்டுவது குரலின் ஒரு வேலை. அங்கே இருந்த மனிதரைக் கூட்டி வருவது இன்னொன்று. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள அல்கட்ராஸ் தீவு 1934 முதல் 1963 வரை கூட்டாட்சிச் சிறை. அதன் சிறைக்கூடத்துக்கான ஒலிச்சுற்றை 1980களில் உருவாக்கியவர்கள் அருங்காட்சியகக்காரர்கள் அல்லர், ஆன்டெனா என்ற நாடகக் குழுவினர். வரலாற்றாசிரியர் ஒருவரை வாசிக்க வைக்காமல், முன்னாள் காவலர்களையும் முன்னாள் கைதிகளையும் பேச வைத்தார்கள். முக்கால் மணி நேரச் சுற்று. இரும்புக் கதவுகள் அறைந்து மூடும் ஓசைக்கு நடுவே, 1946 கலவரத்தின்போது கையெறிகுண்டுகள் தரையில் விட்ட தழும்புகளைக் குரல் காட்டுகிறது. தண்டனை அறையின் இருட்டில் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வீசி, தவழ்ந்து தேடி, கிடைத்ததும் மறுபடி வீசிப் பொழுதைக் கழித்த கைதியின் கதை வருகிறது. புத்தாண்டு இரவில் நகரத்துக் கொண்டாட்டச் சத்தம் தண்ணீரைக் கடந்து வந்ததைச் சொல்கிறார்கள். பார்ப்பதற்கு அங்கே இருப்பது காலி அறைகள்தான். அந்த அறைகளைப் பார்வையாளர் உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் குரல். யாரைப் பேசவைக்கிறோம் என்பதில் அதிகாரமும் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது: 1969 முதல் 1971 வரை அதே தீவைப் பூர்வகுடி அமெரிக்கர்கள் உரிமை கோரி ஆக்கிரமித்திருந்தார்கள், சிறைக்காலத்தை மையமாகக் கொண்ட சுற்றில் அந்த வரலாறு ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஆயினும் காவலரும் கைதியும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்துப் பேசுவதை எந்தப் பலகையாலும் தர முடியாது.

எடுத்துச் சொல்லும் கலையை மிகக் கறாராகக் கற்றுத் தந்தவர்கள் பார்வையற்றோர். பிட்ஸ்பர்கின் ஆண்டி வார்ஹோல் அருங்காட்சியகம் 2016-இல் வெளியிட்ட ‘அவுட் லவுட்’ வழிகாட்டி, பார்வைக் குறைபாடுள்ளவர்களோடு கலந்து வடிவமைக்கப்பட்டது. அவர்களுக்கென்று தனிக் கருவி என்று ஒதுக்காமல், எல்லோருக்கும் ஒரே வழிகாட்டி. படத்தின் வர்ணனை, வரலாறு, நினைவுகள் என்று சிறு சிறு துண்டுகள், வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். காணாதவருக்காகச் சொல்லப்படும் துல்லியமான வர்ணனை, காண்பவரையும் மெதுவாகப் பார்க்க வைக்கிறது. இதைச் செலவுக் கணக்கில் கடைசி வரியாக வைத்து, மிச்சமிருந்தால் பார்ப்போம் என்று ஒத்திப்போடுபவர்கள் தங்கள் வழிகாட்டியின் ஆதாரப் பாடத்தையே இழக்கிறார்கள்.

மறுப்புகள் உண்டு. கலையின் முன் அமைதியாக நிற்க விடுங்கள், காதுக்குள் ஏன் பேச்சு என்பார்கள். நியாயமான ஆசை. ஆனால் பலகை இருக்கும் கூடத்தில் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகிறது. அந்த அமைதி ஏற்கெனவே கலைந்ததுதான். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் 2011-இல் திறந்த மோனா அருங்காட்சியகம் சுவரில் பலகையே வைக்கவில்லை. வேண்டியவர் கையிலுள்ள ‘தி ஓ’ வழிகாட்டியில் தேடிப் படிக்கலாம், வேண்டாதவர் வெறுமனே பார்க்கலாம். அதுவும் திரைதான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் பார்த்த பின் படிப்பு என்ற வரிசையை அது சரியாகப் பிடித்திருக்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது: குடும்பமாக வந்தவர்களைக் காதில் மாட்டும் கருவி தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. கலிபோர்னியாவின் ஃபிலோலி மாளிகையில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பார்க்’ ஆய்வு மையத்தினர் 2000களின் தொடக்கத்தில் இதையே ஆராய்ந்தார்கள். ஒருவர் கேட்பதை உடன் வந்தவரும் ஒட்டுக்கேட்கும்படி கருவியை அமைத்தார்கள். ஒவ்வொரு ஒலித்துண்டும் அரை நிமிடத்துக்கும் குறைவு. வந்தவர்கள் அந்தத் துண்டுகளைத் தங்கள் பேச்சுக்குள் இழுத்துக்கொண்டார்கள். வழிகாட்டி அவர்களுக்கு உரையாடலில் இன்னொரு ஆளானது. ஆகவே பிரிப்பது கருவியல்ல, மூச்சுவிடாமல் மூன்று நிமிடம் நீளும் உரை.

செயற்கை நுண்ணறிவு இப்போது எந்தப் பொருளுக்கும் எந்த மொழியிலும் நொடியில் உரை எழுதி வாசிக்கிறதே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். ஏற்கெனவே எழுதிய நல்ல உரையை இன்னும் பத்து மொழிகளுக்குக் கொண்டுபோக அது உதவட்டும். ஆனால் அருங்காட்சியகத்தில் தகவலுக்குப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. கூடத்தில் நின்று, எந்தக் கோணத்தில் எது தெரிகிறது என்று பார்த்து எழுதுவதற்கும், நேரில் இருந்தவரின் தடுமாறும் குரலுக்கும்தான் பஞ்சம். கருவிகளோ சீக்கிரம் மாறிவிடும்; டீட்டூரின் ஒலிச்சுற்றுகளையே 2018-இல் போஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதனால் பணத்தைச் செயலியில் கொட்டுவதைவிட, எந்தக் கருவியிலும் ஓடக்கூடிய ஒலிப்பதிவிலும் எழுத்திலும் போடுவதே புத்தி. வாசலில் ஒரு க்யூஆர் கோடு, கடன் கொடுக்கச் சில இயர்போன்கள், செயலியை இறக்காமலே திறக்கும் ஒரு பக்கம் போதும்.

நேரில் இருந்தவரின் குரலைப் பதிவதற்குத் தமிழ்நாட்டில் ஏற்ற இடம் கீழடி. அகழாய்வு 2015-இல் தொடங்கியது. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. குழிகளில் மண்ணை அள்ளியவர்களில் சுற்றுவட்டாரத்துக் கிராமத்தவர்கள் உண்டு. பானை ஓட்டை மண்ணிலிருந்து முதலில் பிரித்தறிந்த கை எது, உறைகிணறு தலைகாட்டியபோது குழிக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், தென்னந்தோப்புக்காரர் தன் நிலத்தைக் கொடுக்கையில் என்ன நினைத்தார் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டியவை. அல்கட்ராஸ் சிறை மூடிய இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் காவலர்களும் கைதிகளும் பேசக் கிடைத்தார்கள்; இன்று போனால் அந்தத் தலைமுறையே அநேகமாக இல்லை. கீழடியின் முதல் குழிகளில் இறங்கியவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த ஆண்டே போகலாம்.