எந்த ஊர் நீங்கள்?

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரைச் சென்னையில் சந்தித்து "எந்த ஊர்?" என்று கேட்டால், காஞ்சிபுரம் என்பார். அதையே காஞ்சிபுரத்தில் கேட்டால், பிள்ளையார்பாளையம் என்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குப் பிள்ளையார்பாளையம் தனி ஊர் அல்ல. காஞ்சிபுரம் மாநகராட்சியின் 51 வார்டுகளுக்குள் அடங்கிய ஒரு பகுதி.

தமிழ்நாட்டில் ஊர்களுக்குச் சட்டம் நான்கு படிகள் கட்டியிருக்கிறது: ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. 2024 கணக்குப்படி, அடிப்படியில் 12,525 ஊராட்சிகள். உச்சிப்படியில் வெறும் 25 மாநகராட்சிகள். 1866இல் நகராட்சியான காஞ்சிபுரம் அடுத்த படியை எட்டியது 2021இல். ஒரு படி ஏற 155 ஆண்டுகள்!

படிகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2,500க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் உண்டு. அவற்றில் சட்டப்படி 'டவுன்' என்ற தகுதி பெற்றது புளூம்ஸ்பர்க் ஒன்றுதான்.

படி மாறினால் பெயர்ப்பலகை மட்டுமா மாறும்? ஊராட்சியில் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். தலைவரையும் அவர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநகராட்சியிலோ மக்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க, கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமம் நகரமாகிவிட்டால் ஊரக வேலைத் திட்டமும் அங்கே கிடையாது. பக்கத்து நகரத்தோடு எங்களைச் சேர்க்காதீர்கள் என்று கிராமத்தார் மனுக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விந்தை: ஒரே ஊர் ஒரே நேரத்தில் கிராமமாகவும் நகரமாகவும் இருக்கலாம். 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு விவசாயம் அல்லாத வேலை. இம்மூன்றும் இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை நகரம் என்றே எழுதிக்கொள்ளும். இதற்குக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று பெயர். 400 பேர் என்பது பெரிய நெருக்கமும் அல்ல. ஏக்கருக்கு இரண்டு பேர்கூட வராது. வயலை விட்டுத் தறிக்கு மாறிய கிராமம், ஊராட்சியாக இருந்தபடியே இந்தப் பட்டியலில் ஏறிவிடலாம். 2011இல் தமிழ்நாட்டில் இப்படி 376 ஊர்கள்.

எல்லைகளும் நிலையாக நிற்பதில்லை. 2011இல் செவிலிமேடு பேரூராட்சி காஞ்சிபுரத்தோடு இணைந்தது. பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையைப் போல, இரண்டு ஊர்கள் ஒரே ஊராயின.

இந்த ஏற்பாடெல்லாம் புதிது என்று நினைக்க வேண்டாம். சோழர் காலத்துக் காஞ்சியில் வணிகர் அவைக்கே 'மாநகரம்' என்று பெயர். 10ஆம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடு, காஞ்சிக் கோயில் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பு அவ்வூர் நெசவாளர் குடியிருப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டதைச் சொல்கிறது. அதே நூற்றாண்டில் உத்தரமேரூர், தன்னை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. அந்த உத்தரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி.

பொதுக் காரியத்துக்கு யார் பொறுப்பு, கணக்கை யாரிடம் கேட்பது என்பதை முடிவு செய்யும் ஏற்பாடுதான் சட்டம் சொல்லும் ஊர். உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதன் தலைப்பில் இருக்கும் பெயர்தான் சட்டப்படி உங்கள் ஊர். தெருவிளக்கு எரியாவிட்டால் கேட்க வேண்டிய இடமும் அதுவே.