செங்கற் கோபுரக் காற்றாலையும் உரும்பிராய்க் கிணறும்

காற்றினால் நீரிறைக்கும் தொழிலிற் கைதேர்ந்தவர்கள் ஒல்லாந்தர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் அவர்களது ஆட்சியில் இருந்தது. எனினும், உரும்பிராய் போன்ற வலிகாமத்துச் செம்மண் கிராமங்களில் தோட்டங்களுக்கு நீரை உயர்த்தியது அவர்களது காற்றாலை அன்று. துலா மிதித்தவர்களின் கால்களே. இதன் காரணம் ஆராயத்தக்கது.

ஐரோப்பாவின் பழைய மரக் காற்றாலையில், காற்றின் திசை மாறுந்தோறும் ஆலை முழுவதையும் ஒரு தூணின்மீது திருப்ப வேண்டியிருந்தது. செங்கற் கோபுர ஆலையிலோ கோபுரம் அசையாது நிற்க, உச்சியிலுள்ள தொப்பி போன்ற கூரையும் அதிற் பொருத்திய சிறகுகளும் மட்டுமே திரும்பும். ஆகையால் ஆலையை உயரமாகவும் உறுதியாகவும் கட்ட முடிந்தது. தொப்பியைத் தானாகவே காற்றை நோக்கித் திருப்பும் சிறு காற்றாடிக்கு எட்மண்ட் லீ என்ற ஆங்கிலேயர் 1745 இல் காப்புரிமை பெற்றார். நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் 1738 இல் எழுந்த எட்டுச் செங்கல் ஆலைகள் இன்றும் நிற்கின்றன.

அவ்வாலைகளின் பணி, தாழ்நிலத்தில் தேங்கும் பெருவெள்ளத்தைச் சிறிதளவு உயர்த்தி வெளியேற்றுவதாகும். எமது தேவையோ இதற்கு நேர்மாறானது. சுண்ணக்கற் பாறையின் ஆழத்திலிருந்து அளவான நீரைச் சில பரப்புத் தோட்டத்துக்கு எடுக்கவேண்டும். பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைப்பவர் கோபுரம் கட்டுவது எங்ஙனம்? ஆகவே ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டையைப் பிடித்து நீரை வார்க்க, மற்றொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினார். அந்த உழைப்பின் கடுமையை மிதித்தவர்களே அறிவர்.

ஆயினும் காற்று இங்கு இல்லாமற் போகவில்லை. மழையற்று, கிணறே கதியாகும் மாதங்களிற்றான் சோளகம் பலமாக வீசுகின்றது. கிணற்றுக்கு ஏற்ற காற்றாடியை அமெரிக்கரான டானியல் ஹலடே 1854 இலேயே உருவாக்கிவிட்டார். 1970களின் பிற்பகுதியில் இலங்கை நீர்வளச் சபை, நெதர்லாந்தின் உதவியுடனேயே, சிறு விவசாயிகளுக்கான காற்றாடிப் பம்பியை வடிவமைத்தது. ஒல்லாந்தர் இரண்டாம் முறை வந்தனர் எனலாம்! ஆனால் அதற்குள் மண்ணெண்ணெய் இயந்திரம் குடாநாட்டில் வேரூன்றிவிட்டது. கிணற்றுக்குக் கிணறு தூக்கிச் செல்லலாம். நினைத்த வேளையில் இறைக்கலாம்.

எண்ணெயை நம்பியதன் விலை பின்னர் தெரிந்தது. 1990 இன் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அயலிலுள்ள சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது.

2014 இன் இறுதியில் பளைப் பகுதியில் இரு காற்றாலைத் தொகுதிகள் மின்னுற்பத்தியைத் தொடங்கின. அம்மின்சாரம் தோட்டக் கிணற்றுக்கும் வருவது நன்றே. ஆனால் குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் வில்லை போன்றது. சில மணி நேரத்தில் அசுர வேகத்தில் இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். எந்திரத்தை மின்சாரத்துக்கு மாற்றினாலும் இவ்வாபத்து மாறாது. மெல்ல இறைப்பது காற்றாடியின் குறையாகக் கருதப்பட்டது. எமது கிணறுகள் தாங்குவதோ அந்த வேகத்தைத்தான்.