கைத்துப்பாக்கி வாங்குகிறவர் கவனிக்க!

புடவை எடுக்கப் போனால் சாயம் நிற்குமா என்று கேட்கிறோம். பாத்திரம் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். கைத்துப்பாக்கி வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்கிறீர்களா? அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்களில் இதுவும் வீட்டுச் செலவுதான், அம்மா!

அங்கே பழைய பாணியை விரும்புவோரின் செல்லப் பிள்ளை, ஜான் பிரௌனிங் அமைத்த '1911' துப்பாக்கி. அந்த 1911-ஆம் ஆண்டில் ராணுவத்தார் அதை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஒரே துப்பாக்கியால் 6,000 தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் சுட்டார்கள். அது சிக்காமல் தேறிவிட்டது!

அதே அமைப்பில், பிலிப்பைன்ஸ் நாட்டு மரிக்கினா நகரில் செய்யப்படும் மலிவான துப்பாக்கிகளும் இப்போது அமெரிக்காவில் விற்கின்றன. நகாசு வேலை கிடையாது, அதனால் குறைவில்லை. கனம் ஒரு கிலோவுக்கு மேல். கைக்கு அடங்குகிறதா என்று பிடித்துப் பார்க்க வேண்டும். கைப்பிடியிலும் கட்டைவிரல் அருகிலும் உள்ள இரண்டு காப்புகளும் சரியாக வேலை செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானாகவே குழலுக்குள் ஏறிக்கொள்ளும். ஆகவே, தோட்டாக்கூட்டை உருவி எடுத்த பிறகும் உள்ளே ஒன்று தங்கியிருக்கலாம். விசையை இழுத்தால் அது வெடிக்கும்! 'காலிதானே' என்று எண்ணியதால் நேர்ந்த விபத்துகள் அங்கே ஏராளம்.

குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் துப்பாக்கியோடு, பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், துப்பாக்கி மலிவாகக் கிடைத்து என்ன பயன்?