தீக்குச்சி வரிசையும் நரம்பும்

கரிசல் சூழ்ந்த கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாற் பெயர் பெற்ற ஊர். மாணவர்களே! அவ்வூர்த் தீக்குச்சிகள் சிலவற்றை நெருக்கமாக வரிசையில் நட்டு, முதற்குச்சியைக் கொளுத்தினால் யாது நிகழும்? ஒன்றன் தீயால் அடுத்தது பற்றும். இறுதிக் குச்சியும் முதற்குச்சியைப் போன்றே சுடர்விட்டு எரியும்; தொலைவு மிகுதலால் தீ குன்றுவதில்லை. எரிந்த குச்சி மீண்டும் பற்றாதாகலின், தீ பின்னோக்கித் திரும்புவதுமில்லை.

காலில் முள் தைத்த செய்தி நரம்பின் வழியே செல்வதும் ஏறத்தாழ இத்தகையதே. நரம்பிழையின் மெல்லிய சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள. ஓரிடத்தில் அவை திறந்தவுடன், வெளியிலுள்ள சோடியம் அயனிகள் உட்புகும். அதனால் எழும் மின்மாற்றம் அடுத்துள்ள வாயில்களைத் திறக்கும். பின்னர்ப் பொட்டாசியம் அயனிகள் வெளியேற, இழை பழைய நிலையை அடையும். ஈண்டுத்தான் நம் உவமை தவறுகிறது. எரிந்த குச்சி எரிந்ததே. நரம்போ நொடியில் ஆயிரத்திற் சில பங்குக்குள் மீண்டும் ஆயத்தமாகிவிடும்.

இவ்வுவமையினும் செவ்விய மாதிரியொன்றை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1952-இல் கணக்கினால் அமைத்தனர். அவர்கள் ஆராய்ந்தது கணவாயின் தடித்த நரம்பிழை. வாயில்கள் திறந்து மூடும் முறையைச் சமன்பாடுகளாக்கிய பின், கையாற் சுழற்றும் கணக்குப் பொறியைக் கொண்டு ஹக்ஸ்லி பல நாள் உழைத்தார். செய்தி நொடிக்கு 18.8 மீட்டர் விரையும் என்றது கணக்கு. நரம்பில் அளந்தபோது கிடைத்தது 21.2 மீட்டர். உயிருள்ள நரம்பைக் கணக்கு இத்துணை நெருங்கியது வியப்பன்றோ! 1963-ஆம் ஆண்டு நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர்.

நோயை அறிதற்கும் இத்தகைய மாதிரி பயன்படுகின்றது. வாயில்கள் சரிவர மூடாவிடின் என்னாகும் என்பதைச் சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கலாம். நோயாளியைத் தீண்ட வேண்டுவதில்லை. வலிப்பு நோய் வகைகள் சிலவற்றிற்குச் சோடிய வாயில்களின் பிறவிப் பழுதே காரணமெனக் கண்டுள்ளனர். ஃபெனிட்டாயின் என்னும் மருந்து வலிப்பைத் தடுக்கவல்லது என்பது 1938-இலேயே அறியப்பட்டது; மீண்டும் மீண்டும் திறக்கும் சோடிய வாயில்களை அது தடுக்கிறது என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நரம்பின் வாயிலைப் பூட்டும் திறம் அச்சாவிக்கு இல்லை.

ஒற்றை நரம்பைக் கணித்த முயற்சி, நரம்பணுக்கள் பல கூடிய மூளைப் பகுதிகளுக்கும் விரிந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் சீனிவாச சக்கரவர்த்தியும் அவர்தம் மாணவரும், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயில் தடுமாறும் மூளைப் பகுதியைக் கணிப்பொறியில் மாதிரியாக அமைத்து ஆராய்ந்துள்ளனர். மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைந்தால் நடை ஏன் தளர்கிறது, கையை நீட்ட ஏன் தாமதமாகிறது என்பன அம்மாதிரியிடம் அவர்கள் கேட்ட வினாக்கள்.