நகர்ப்புற அயலும் உடற்பருமனும்: ஓர் அமெரிக்கப் பரிசோதனை பற்றிய சில குறிப்புகள்

உடற்பருமன் தனிமனிதரின் நாவடக்கமின்மையால் விளைவது என்னும் கருத்து அன்றாடப் பேச்சிலும் மருத்துவ அறிவுரைகளிலும் ஆழ வேரூன்றியுள்ளது. பெருந்தீனியும் சோம்பலுமே காரணம். ஆதலின் திருந்தவேண்டியவர் நோயாளரே என்பது இதன் சாரம். ஒருவர் வாழும் அயலுக்கும் அவரது உடல் நிறைக்கும் தொடர்புண்டா, உண்டெனின் அதன் இயல்பு யாது என்னும் வினாக்களை, ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற பரிசோதனையொன்றை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே எமது நோக்கமாகும்.

இலக்கிய மாணவருக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியம் உணவையும் தொழிலையும் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் அடக்கியது. நிலம், உழைப்பு, உணவு ஆகியன ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற உணர்வு அதன் அடியில் உண்டு. முதலாளித்துவ நகரத்தில் இப்பிணைப்பு அறுந்து விடுகிறது. உணவு பண்டமாக வந்து சேர்கிறது. எத்தகைய உணவு வரும் என்பதைக் குடியிருப்போரின் வாங்குசக்தியே பெரிதும் நிர்ணயிக்கிறது. 1845இல் வெளிவந்த நூலில் ஏங்கெல்ஸ், மன்செஸ்ரர் நகரின் பெருந்தெருக் கடைவரிசைகள் தொழிலாளர் குடியிருப்புகளைச் செல்வர் கண்களினின்றும் மறைத்து நின்றமையை விவரித்தார். அன்று வறுமை மெலிந்த உடலிலே தெரிந்தது. இன்று செல்வந்த நாடுகளின் நகரங்களில் அது பல வேளைகளிற் பருத்த உடலிலே தெரிகிறது. தோற்றம் மாறினும் அடிப்படை உறவு மாறவில்லை.

வறிய அயல்களிற் பருமன் மிகுதி எனக் காட்டுவது எளிது. அதற்குக் காரணம் அயலா, அன்றி அங்கு வாழ்வோரின் வறுமையா எனப் பிரித்தறிவதே கடினம். 'வாய்ப்பை நோக்கிய பெயர்வு' என்று பொருள்படும் பெயருடைய அமெரிக்க அரசின் வீடமைப்புத் திட்டம் இதற்கு வழிசெய்தது. 1994 முதல் 1998 வரை பால்ற்றிமோர், பொஸ்ரன், சிக்காகோ, லொஸ் ஏஞ்சல்ஸ், நியூ யோர்க் ஆகிய ஐந்து நகரங்களில், வறுமை மிக்க பகுதிகளின் பொதுக் குடியிருப்புகளிற் பிள்ளைகளுடன் வாழ்ந்த 4,498 பெண்கள் எழுமாறாக மூன்று பிரிவினராக்கப்பட்டனர். முதற் பிரிவினர் வறியோர் தொகை 10 வீதத்துக்குக் குறைந்த பகுதிகளிற் குடியேறுவதற்கான வாடகை உதவிச் சீட்டினைப் பெற்றனர். இரண்டாம் பிரிவினர் அந்நிபந்தனையற்ற சீட்டினைப் பெற்றனர். மூன்றாம் பிரிவினருக்குச் சீட்டு வழங்கப்படவில்லை.

பத்து முதல் பதினைந்து ஆண்டுகளின் பின்னர் பெற்ற அளவீடுகள் 2011இல் வெளியாயின. உடற்திணிவுச் சுட்டி 35ஐ எட்டியோ கடந்தோ இருந்தவர்களின் விகிதம், சீட்டுப் பெறாதோரைவிட முதற் பிரிவினரிடையே ஏறத்தாழ 4.6 வீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. 40ஐ எட்டிய கடும் பருமனில் 3.4 புள்ளிகளும், நீரிழிவைச் சுட்டும் குருதிப் பெறுபேற்றில் 4.3 புள்ளிகளும் குறைவு காணப்பட்டது. சீட்டுப் பெற்றோருள் ஏறத்தாழ அரைவாசியினரே அதனைப் பயன்படுத்தினர் என்பதைக் கருதின் இவ்வேறுபாடு சிறியதன்று. இரண்டாம் பிரிவினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முதற் பிரிவினரின் வேலைவாய்ப்போ வருமானமோ குறிப்பிடத்தக்க அளவு உயரவுமில்லை என்பது சிறப்பாக மனங்கொளத்தக்கது. வருமானம் உயராதவிடத்தும் உடல் மாறியது எனின், பண்பாட்டுக் குறைபாடு, மனவுறுதியின்மை போன்ற விளக்கங்கள் போதா என்பது தெளிவு.

ஆயின் அயலின் எக்கூறு உடலைப் பாதித்தது? பெயர்ந்தோர் பாதுகாப்புணர்வு கூடப் பெற்றனர்; கடைகள், நடைபாதைகள், அச்சத்தால் விளையும் உளநெருக்கடி எனப் பல காரணிகள் முன்வைக்கப்படுகின்றன. பரிசோதனை இவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது பொறிமுறைவாதமாகிவிடும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை 2008இல் நகரின் தென்பகுதியிற் புதிய தனித்த துரித உணவகங்களைத் தடைசெய்தது. முன்பிருந்த உணவகங்கள் நிலைத்தன. வாடகை, வேலை, வருமானம் ஆகியன மாறவில்லை. 2015இல் வெளியான ஆய்வு, தடைக்குப் பின்னரும் அங்கு பருமன் அதிகரித்தமையைக் காட்டிற்று. கடையைத் தடுப்பதும் அயலை மாற்றுவதும் ஒன்றல்ல.

அயல் தானாக உருவாவதுமன்று. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தயாரித்த நகர வரைபடங்களிற் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறத்தால், முதலீட்டுக்கு ஆபத்தானவையெனக் குறிக்கப்பட்டன. வீட்டுவசதியிற் பாரபட்சத்தைத் தடைசெய்யும் சட்டம் 1968இலேயே வந்தது. நிலமும் மூலதனமும் இனப்பாகுபாடும் சேர்ந்து வகுத்த எல்லைகளுள்ளேதான் இவ்வுடல்கள் வளர்ந்தன.

சூழ்நிலை மனிதரை ஆக்குகிறது என்பதோடு நின்றுவிடும் பொருள்முதல்வாதத்தை மார்க்ஸ் 1845இலேயே விமர்சித்தார். சூழ்நிலையை மாற்றுவோரும் மனிதரே என்பது அவர் வாதம். மேற்கூறிய திட்டம் சூழ்நிலையை மாற்றவில்லை. சிலரை அதிலிருந்து அகற்றியது. அவர்கள் விட்டுச்சென்ற அயல்களில் ஏனையோர் வாழ்ந்தனர். எனவே அப்பரிசோதனையை எல்லாருக்கும் உரிய பரிகாரமாகக் கொள்ளாது, சூழலின் வலிமைக்கான சான்றாகவே நாம் கொள்ளவேண்டும். குடிபெயராதோருக்கும் நல்வாழ்வு கிட்டும் வகையில் நிலப் பயன்பாட்டையும் வீடமைப்பையும் உணவு விநியோகத்தையும் மக்கள் தமது கட்டுப்பாட்டிற் கொண்டுவருவது எவ்வாறு என்பதே அடுத்து எழும் வினாவாகும். அவ்வினாவுக்கு விடை காணாது நோயாளரைக் கடிந்துகொள்வது அறிவியலுமன்று, அறமுமன்று.