பல் போனாலும் வாய் இருக்கிறது



வரிக் கணக்குப் பற்றிப் பேசும் நான் இம்மாதம் வாயைப் பற்றி எழுதுகிறேன். மனைவியும் நானும் மாமியை நான்கு வருடங்களாக வீட்டிலேயே பராமரிக்கிறோம். இங்கே அவுஸ்திரேலியாவில் உங்களில் பலரது வீட்டு நிலையும் இதுதான். குளிக்க வார்ப்போம், நேரத்துக்கு மருந்து கொடுப்போம். ஆனால் "பல்லே இல்லை, பிறகென்ன துலக்குவது?" என்று கேட்பவர்களும் உண்டு.

வாயில் தேங்கும் கிருமிகள் எச்சிலோடும் உணவோடும் புரைக்கேறி நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரலாம். பாரிசவாதம், மறதிநோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்துக் கூட. ஆகவே பல் இல்லாதவர்களுக்கும் முரசு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை மென்மையான ஈரத் துணியாலோ பிறஸ்ஸாலோ தினமும் இருமுறை துடைக்க வேண்டும். பாரிசவாதக்காரருக்கு வலுவிழந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கும்; சாப்பாடு முடிந்ததும் பாருங்கள்.

பல் உள்ளவர்களுக்கு, கதிரையில் நிமிர்த்தி இருத்தி, சிறிய மென்மையான பிறஸ்ஸில் பட்டாணியளவு புளோரைட் பற்பசை போதும். துப்பினால் சரி, உடனே கொப்பளிக்கத் தேவையில்லை. துப்ப முடியாவிட்டால் பசையைக் குறைத்து, நுரையைத் துணியால் துடைத்தெடுங்கள். பற்களுக்கிடையே உங்கள் விரலை வைக்காதீர்கள்.

கட்டுப்பல்லை இரவில் கழற்றி, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு துலக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். சுடுதண்ணீரில் அது வளைந்துவிடும். கழுவும்போது கீழே துவாயொன்றை விரித்தால் விழுந்தாலும் உடையாது.

பிரஷர், மன அழுத்த மருந்துகள் சில வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் பல் விரைவில் சூத்தையாகும். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். நாள் முழுக்கச் சீனித் தேத்தண்ணி வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் முதியவர்களில் சிலர் தடுப்பு முகாம்களையும் விசாரணைகளையும் கண்டு வந்தவர்கள். பின்னால் நின்று தலையைப் பிடிப்பதும் வாயை வலிந்து திறப்பதும் பழைய பயத்தைக் கிளப்பிவிடும். முன்னால் அமர்ந்து, பிறஸ்ஸைக் காட்டி, சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாமி கையை உயர்த்தினால் நாங்கள் நிறுத்திவிடுவோம். கொஞ்சம் பொறுத்து மீண்டும் கேட்போம். பல் வைத்தியரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் உடனே காட்டுங்கள். வெற்றிலை பாக்குப் போட்டவர்களுக்கு இது மிக முக்கியம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

கடைசியாகக் கணக்கு. வளர்ந்தோரின் சாதாரண பல் வைத்தியச் செலவை மெடிகெயார் பொறுப்பதில்லை. ஆனால் பென்சன் சலுகை அட்டை உள்ளவர்கள் மாநில அரசின் பல் சிகிச்சை நிலையத்தில் பதியலாம். அங்கே காத்திருப்போர் பட்டியல் நீளமானது. வலி வரும்வரை பாராமல் இப்போதே பதியுங்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.